நல்ல தண்ணி

கள்ளக்குறிச்சிப் பக்கத்து வீடுகளில் தண்ணீருக்கு இரண்டு பெயர் உண்டு. ஒன்று நல்ல தண்ணி, இன்னொன்று உப்புத் தண்ணி. நல்ல தண்ணிக் குடம் அடுப்பங்கரையில் தட்டு மூடி இருக்கும். உப்புத் தண்ணி கொல்லைப்புறத்தில் சிமெண்டுத் தொட்டியில் நிற்கும். யாரும் ஆய்வுக்கூடத்தில் சோதித்து இப்படிப் பிரித்துக் கொடுக்கவில்லை. பருப்பு வெந்ததா, சோப்பு நுரைத்ததா, சோறு மஞ்சள் அடித்ததா, நாக்கில் கரித்ததா என்று பார்த்துப் பார்த்துப் பெண்கள் செய்துவைத்த பிரிவினை அது. கால்சியம், மக்னீசியம், உப்பு, இரும்பு நான்கையும் ஒரே நாள் சமையலில் பிடித்துவிடுகிற சோதனை. அந்த அறிவைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் இல்லை. ஆனால் அந்தப் பெயருக்குள் ஒரு பொறி இருக்கிறது. ‘நல்ல’ என்று நாம் சொன்னது ருசியைப் பற்றி. காலப்போக்கில் அதையே உடம்புக்கு நல்லது என்றும் எடுத்துக்கொண்டோம். கண்ணும் மூக்கும் நாக்கும் தண்ணீரைப் பற்றி எதைச் சரியாகச் சொல்கின்றன, எந்த இடத்தில் ஏமாறுகின்றன என்பதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கப்போகிறது.

முதலில் தண்ணீர் வரும் வழி. கோமுகியும் மணிமுக்தாவும் கல்வராயன் மலையில் பிறந்து வெள்ளாற்றில் சேர்கின்றன. வடக்கே திருக்கோவிலூரைத் தொட்டுத் தென்பெண்ணை போகிறது. ஆற்றுப் படுகையை விட்டு விலகினால் அடியில் எல்லாம் கெட்டிப் பாறை. அந்தப் பாறையின் வெடிப்புகளில் தேங்கிய நீரைத்தான் ஆழ்துளைக் கிணறு உறிஞ்சுகிறது. ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிக்கு இரண்டு மூன்று போர்களிலிருந்து தண்ணீர் ஏறுவது சாதாரணம். ஒன்று வற்றினால் இன்னொன்றை ஓட்டுவார்கள். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் ஆற்று நீரும் அதே தொட்டியில் விழலாம். நேற்று வந்த தண்ணீரும் இன்று வரும் தண்ணீரும் வேறு வேறு பாறையின் தண்ணீராக இருக்கலாம். குழாய் மட்டும்தான் ஒன்று. நிறம் மாறிவிட்டதே என்று திடுக்கிடுவதற்கு முன் தொட்டி ஆபரேட்டரிடம் எந்த மோட்டார் ஓடுகிறது என்று கேட்டுவிடுவது நல்லது.

கண்ணில் படுவதிலேயே மிக எளிய புகார், தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாக வருகிறது என்பது. பிளீச்சிங் மருந்தை அள்ளிக் கொட்டிவிட்டார்கள் என்று உடனே தீர்மானித்துவிடுகிறோம். ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து மேடையில் வைத்துவிட்டு இரண்டு நிமிடம் பாருங்கள். வெண்மை அடியிலிருந்து மேல்நோக்கிக் கலைந்து போனால் அது வெறும் காற்று. குழாயில் அழுத்தத்தோடு கரைந்திருந்த காற்று, வெளியே வந்ததும் நுண்குமிழிகளாகி மேலே ஏறிப் போகிறது. வெண்மை கீழே படிந்து அடியில் பொடியாக உட்கார்ந்தால் சுண்ணாம்புச் சத்து அல்லது மண். இட்லிப் பானையின் அடியில் ஏறுகிற வெள்ளைப் பொறுக்கும் அந்தச் சுண்ணாம்புதான். பாத்திரத்துக்குத்தான் கேடு, உடம்புக்கு அதனால் பெரிய தீங்கில்லை.

செந்நிறத் தண்ணீரின் கதை இன்னும் சுவாரசியமானது. போர் தண்ணீர் குழாயிலிருந்து விழும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். குடத்தில் ஒரு மணி நேரம் நின்றால் மஞ்சளாகி, மறுநாள் காலையில் அடியில் செங்காவி படிந்திருக்கும். தண்ணீர் கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடுவோம். நடந்தது இவ்வளவுதான்: பாறைக்குள் காற்றுப் படாமல் கரைந்து கிடந்த இரும்பு வெளியே வந்து ஆக்சிஜனைச் சந்தித்துத் துருவாகிவிட்டது. லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே வெள்ளை வேட்டியில் கறை ஏறும், நாக்கில் ஆணி நக்கிய ருசி தட்டும். அந்த அளவில் உடம்புக்குக் கேடில்லை.

இதைக் கண்டுபிடிக்கக் கல்வராயன் மலையிலேயே ஒரு கருவி விளைகிறது. மலையாளிப் பழங்குடி மக்கள் காட்டில் பொறுக்கிச் சந்தைக்குக் கொண்டுவரும் கடுக்காய்தான் அது. கடுக்காயில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய இருக்கிறது. அதை இடித்து ஊறவைத்த நீரில் இரும்புச் சத்துள்ள தண்ணீரை விட்டால் கருநீலமாகும். அந்தக் காலத்தில் எழுதும் மை செய்தது இந்தச் சேர்க்கையால்தான். டீயிலும் டானின் உண்டு. புதிய போர் தண்ணீரில் போட்ட டீ சாம்பல் பூத்த மாதிரிக் கறுத்து, மேலே எண்ணெய் போல ஏடு கட்டினால், டீத்தூள் கடைக்காரரைத் திட்ட வேண்டியதில்லை.

குழாய் வாயில் கறுப்பு வழவழப்பு இருந்தால் பெரும்பாலும் மாங்கனீசு. கறுப்புத் துணுக்குகள் விழுந்தால் வாஷர் நைந்துவிட்டது. பச்சை என்றால் மாடியில் இருக்கும் தொட்டிக்குள் வெயில் நுழைந்து பாசி பிடித்திருக்கிறது, மூடியைப் பாருங்கள். இவற்றைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கலங்கல் மட்டும் தனியாகப் பேசவேண்டியது. 2024 டிசம்பர் 2ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேலே தண்ணீர் திறக்கப்பட்டுத் தென்பெண்ணை கரை கடந்து ஓடியது. அத்தகைய வெள்ளத்துக்குப் பின் வருகிற செங்கலங்கல், கிணற்று இரும்பின் செந்நிறம் போன்றது இல்லை. மேலிருந்து வந்த மண்ணோடு கொல்லையும் சாக்கடையும் மாட்டுக் கொட்டகையும் கரைந்து வந்திருக்கின்றன. மண் துகள் ஒவ்வொன்றும் கிருமி ஒளிந்துகொள்ள ஒரு மறைவிடம். போட்ட குளோரின் மண்ணோடும் அழுக்கோடும் மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 கலங்கலுக்கு 1 அலகு, வேறு வழியே இல்லையென்றால் 5 அலகு என்று கறாராக வரம்பு வைத்திருப்பது அழகுக்காக இல்லை.

கலங்கிய நீரைத் தெளியவைக்க நம் முன்னோர் தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறம் உரைத்தார்கள். கலித்தொகையிலேயே அந்தப் பழக்கம் பேசப்படுகிறது. முருங்கை விதையும் படிகாரமும் அதே வேலையைச் செய்யும். மண் துகள்களின் மின்னூட்டத்தைத் தணித்து, ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கீழே இறக்கிவிடும். மண்ணோடு ஒட்டியிருந்த கிருமிகளில் பெரும் பங்கும் இறங்கும். மீதியும் இருக்கும். தெளிந்துவிட்டது என்ற திருப்தியில் அந்த மீதியைக் குடித்துவிடுவதில்தான் ஆபத்து.

மூக்குக்கு வருவோம். மூக்கு கண்ணைவிடக் கூர்மையானது. ஏரி நீரும் திறந்த தொட்டி நீரும் கோடையில் பாசி வாடை, மண் வாடை அடிக்கும். நீலப்பசும் பாசியும் சில மண் நுண்ணுயிரிகளும் உண்டாக்குகிற ஜியோஸ்மின் என்ற பொருள் அதற்குக் காரணம். லட்சம் கோடியில் ஐந்து பத்துப் பங்கு கலந்திருந்தாலே மனித மூக்கு பிடித்துவிடும். முதல் மழை விழுந்ததும் வாசலில் நின்று நாம் ஆசையோடு இழுக்கிற மண்வாசனையிலும் இதே ஜியோஸ்மின்தான் இருக்கிறது. வாசலில் மணப்பது டம்ளரில் முகம் சுளிக்க வைக்கிறது. அந்த வாடையால் தீங்கில்லை.

அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு. நெடுநாள் ஓட்டாமல் கிடந்த போரிலும், காற்றில்லாத ஆழத்திலும், கழுவாத தொட்டியின் அடிச் சகதியிலும் வரும். சற்று நேரம் திறந்துவைத்தால் போய்விடும். நாற்றம் ஒரு குழாயில் மட்டும் வந்தால் உங்கள் வீட்டுக் குழாயைப் பாருங்கள். தெரு முழுக்க வந்தால் தொட்டியை. அதுவரை நன்றாக வந்த தண்ணீரில் திடீரென்று சாக்கடை நாற்றம் வந்தால் வேறு ஆராய்ச்சியே வேண்டாம், குடிப்பதை அந்த நிமிடமே நிறுத்துங்கள்.

பெட்ரோல், டீசல் வாடைக்கும் அதே கண்டிப்பு வேண்டும். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்தபோது, கிணற்றில் எண்ணெய் மிதக்கிறது, நாறுகிறது என்று முதலில் சொன்னவர்கள் வாளி போட்டு இறைத்த மக்கள். 2019இல் இலங்கை உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. மூக்கு சொன்னது முழு உண்மை என்று நிலைநாட்டிய வழக்கு அது.

இனி, நம் ஊர்களில் எல்லாரும் வெறுக்கிற வாடை. ‘மருந்து போட்ட தண்ணி’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்ள வைக்கும் பிளீச்சிங் பவுடர் வாடை. தொட்டி ஆபரேட்டர் செய்யவேண்டிய கணக்கு எளிது. 1,000 லிட்டருக்கு 4 கிராம். 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம், ஏறக்குறைய ஒரு டம்ளர் பொடி. அதை வாளித் தண்ணீரில் கரைத்துச் சுண்ணாம்பு படிந்தபின் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, குறைந்தது அரை மணி நேரம் கழித்துத் திறக்கவேண்டும். கிருமிகளோடு சண்டையிட்டது போக, கடைசி வீட்டுக் குழாயில் விழும்போதும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது தரநிலை. வாழ்நாள் முழுக்கக் குடித்தாலும் பரவாயில்லை என்று உலக சுகாதார நிறுவனம் வைத்த உச்சம் 5 மில்லிகிராம். நாக்குக் கூர்மையான சிலருக்கு 0.3இலேயே வாடை தெரிந்துவிடும். அதாவது தீங்கு தொடங்குகிற அளவுக்கு வெகு தூரம் முன்னாலேயே நமக்கு வெறுப்பு வந்துவிடுகிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மூக்கைத் துளைக்கிற கடுமையான மருந்து நெடி வந்தால், கூடுதலாகப் போட்டுவிட்டார்கள் என்பது மட்டுமே காரணமாக இருக்கவேண்டும் என்பதில்லை. குளோரின் கழிவுநீரின் அமோனியாவோடு சேர்ந்து குளோரமின்களாக மாறும்போதும் நெடி ஏறும். அப்போது மருந்து போதாமல் இருக்கிறது என்று பொருள். மெல்லிய, நிதானமான குளோரின் வாடை வேறு. ஒரு குழாய்நீரில் நாம் வரவேற்க வேண்டிய வாடை அது ஒன்றுதான். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் வேதனையாகவே இருக்கிறது. ஏனென்றால் அந்த வாடை பிடிக்காமல்தான் ஜனங்கள் ஊத்துக்குப் போகிறார்கள்.

கல்வராயன் மலையின் ஊத்தைப் பார்த்தால் போகத்தான் தோன்றும். பாறை இடுக்கில் முழங்கை ஆழத்துக் குழி. அடியில் வெண்மணல். மணலைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் மெல்லக் கொப்பளிப்பது தெரியும். குனிந்து பார்த்தால் முகம் தெரியும். மேலே மிதக்கும் இலையைக் கையால் ஒதுக்கி, கலங்கினது அடங்கும்வரை காத்திருந்து, சிறிய சொம்பால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். குடத்து வாயில் பழைய சேலைத் துணி கட்டியிருக்கும். தண்ணீர் சில்லென்று, எந்த வாடையும் இல்லாமல் இருக்கும். 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை அது. வெள்ளிமலை, கரியாலூர் தாண்டி வீடுகள் காட்டுக்கு நடுவில் இரண்டும் மூன்றுமாகச் சிதறிக் கிடக்கின்றன. கீழேயிருந்து குழாய் ஏறுவது கடினம். அங்கங்கே போர் போட்டு பிளாஸ்டிக் தொட்டி வைத்தாலும், கரண்டு போனால் தொட்டி காலி. அப்போது மீண்டும் ஊத்துதான்.

அந்தத் துணிக்கு ஒரு மதிப்பு உண்டு. வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் ரீட்டா கோல்வெல் குழுவினர் பெண்களிடம் பழைய சேலையைப் பலமுறை மடித்து வடிகட்டச் சொன்னார்கள். காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 2003இல் ஆய்வு வெளியானது. காலராக் கிருமி நீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள்மீது ஒட்டியிருப்பதால் துணி அதைத் தடுக்கிறது. ஒற்றை மடிப்பு போதாது, நைந்து நூல் பருத்த பழைய துணியே சிறந்தது என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. மஞ்சள்காமாலை வைரசுக்குத் துணி ஒரு பொருட்டே இல்லை.

ஊத்துக்கு மேல் சரிவில் என்ன இருக்கிறது என்பதை ஊத்தில் குனிந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. மழைக்குப் பின் ஆடு மேய்ந்த இடமும் மனிதர் ஒதுங்கிய இடமும் கழுவி வந்து பாறை இடுக்கு வழியே இறங்கும். மண் வடிகட்டும் என்போம். கெட்டிப் பாறையின் வெடிப்பு எதையும் வடிகட்டாது, அது ஒரு குழாய் மாதிரி. 1854இல் லண்டன் சோஹோ பகுதியில் பிராட் தெருக் குழாயடி நீரால் காலரா பரவியது. அந்தத் தெருவை விட்டு ஹாம்ப்ஸ்டெட்டுக்குக் குடிபோன ஒரு மூதாட்டி, பழைய குழாய்த் தண்ணீரின் ருசி வேறு எதற்கும் வராது என்று தினமும் வண்டியில் வரவழைத்துக் குடித்தார். ஹாம்ப்ஸ்டெட்டில் வேறு யாருக்கும் காலரா இல்லை, அவர் இறந்துபோனார். ஜான் ஸ்நோ என்ற மருத்துவர், காலரா தண்ணீரால் பரவுகிறது என்ற தம் வாதத்துக்குப் பலமான சான்றாக அந்த மரணத்தைத்தான் எடுத்துக்காட்டினார். நல்ல தண்ணி என்று அந்த மூதாட்டியும் நம்பினார்.

தெளிவாக இருப்பதை நம்பக்கூடாது என்று கள்ளக்குறிச்சிக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். 2024 ஜூனில் கருணாபுரத்திலும் பக்கத்து ஊர்களிலும் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்களே, அந்தச் சாராயத்தில் கலந்திருந்த மெத்தனால் தண்ணீரைப் போலவே நிறமற்றது. அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிகளைப் பற்றிக் கேட்கத் தொடங்கியது.

தண்ணீரிலும் அப்படி முகம் காட்டாதவை இருக்கின்றன. 1937இல், அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்தில், எலும்பு இறுகிக் கழுத்தைத் திருப்ப முடியாமல் வளைந்துபோனவர்களைப் பற்றி ஷார்ட் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் எழுதினார்கள். இந்தியாவில் ஃபுளூரைடு நோயைப் பற்றிய முதல் பதிவு அது. காரணமான கிணற்று நீரில் நிறமில்லை, மணமில்லை, ருசியும் கெடவில்லை. கருங்கல் வகைப் பாறைகளின் கனிமங்களிலிருந்து மெல்லக் கரைவது ஃபுளூரைடு. ஆழமாகப் போகப் போக, பாறையில் நீர் தங்கும் காலம் கூடக் கூட, அளவு ஏறும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அது முற்றிப்போய்த்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளூரைடு பாதிப்பைக் குறைப்பதும் சேர்ந்திருக்கிறது. கெட்டிப் பாறை ஊர்கள் எல்லாவற்றுக்கும் அதே கேள்வி உண்டு. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, 1.5ஐத் தாண்டக்கூடாது. டம்ளரில் தெரியாத இந்தச் சமாசாரம் பள்ளிப் பிள்ளைகளின் பல்லில் தெரியும். குழந்தைக்குப் புதுப் பல் முளைக்கும்போது குறுக்காகப் பழுப்புக் கோடு விழுந்திருந்தால், பல் துலக்கவில்லை என்று அடிப்பதற்கு முன் வீட்டு போர் தண்ணீரைச் சோதிக்கக் கொடுங்கள்.

நைட்ரேட்டும் இப்படித்தான். கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் கொட்டுகிற யூரியாவும், அடிப்பகுதி பூசாத கழிவறைக் குழிகளும் அதற்கு ஊற்று. லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போன தண்ணீரில் புட்டிப்பால் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கத் திணறி உடம்பு நீலம் பாரிக்கும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2024இல் வெளியிட்ட அறிக்கையில் தமிழ்நாட்டு மாதிரிகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேலானவை இந்த வரம்பைத் தாண்டியிருந்தன. இங்கே ஒரு எச்சரிக்கை: கொதிக்கவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் கிருமி சாகும், அதில் சந்தேகமில்லை. ஃபுளூரைடும் நைட்ரேட்டும் போகாது. நீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடும்.

நம் கண்ணின் இந்தப் பலவீனத்தை நன்றாகப் புரிந்துவைத்திருப்பவர்கள் தண்ணீர் சுத்திகரிப்பான் விற்க வருகிறவர்களில் சிலர். வீட்டுக்கு வந்து இரண்டு டம்ளர் கேட்பார்கள். ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர்கள் கொண்டுவந்த தண்ணீர். நான்கு கம்பி நீட்டிய ஒரு பெட்டியை இரண்டிலும் இறக்கிச் சுவிட்சைப் போடுவார்கள். ஒரு நிமிடத்தில் குழாய்த் தண்ணீர் பழுப்பாகிக் கறுத்துக் குழம்பு போலாகும். அவர்கள் தண்ணீர் அப்படியே நிற்கும். இதைத்தானம்மா பிள்ளைக்குக் கொடுக்கிறீங்க என்பார்கள். எங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கிறது. அந்தப் பழுப்பைப் பார்த்ததும் எல்லார் முகமும் வெளிறியது உண்மை. அந்தக் குழம்பு தண்ணீரில் இருந்ததே இல்லை. மின்சாரம் பாய்ந்ததும் இரும்புக் கம்பி கரைந்து துருவாக இறங்குகிறது. உப்பு நீக்கிய தண்ணீரில் மின்சாரம் பாயாது, அதனால் கம்பி கரையாது. அவ்வளவுதான் வித்தை. கையில் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டரும் கரைந்த உப்பின் மொத்தத்தை மட்டும் சொல்லும். 500க்குள் நல்லது, வேறு ஆதாரம் இல்லாவிட்டால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது தரநிலை. கிருமி இருப்பதை அது காட்டாது. 80 காட்டுகிற ஊத்துத் தண்ணீரில் டைபாய்டு இருக்கலாம். 900 காட்டுகிற போர் தண்ணீர் கரித்தாலும் ஆளைக் கெடுக்காமல் இருக்கலாம். ஃபுளூரைடு அதிகமுள்ள வீட்டுக்கு ஆர்ஓ எந்திரம் உண்மையிலேயே உதவும், அதை மறுக்கவில்லை. எதற்காக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கவேண்டும்.

குழாய்நீரின் பெரிய ஆபத்து ஊற்றிலும் இல்லை, தொட்டியிலும் இல்லை, இடைவழியில் இருக்கிறது. நம் ஊர்களில் குழாயில் எந்நேரமும் தண்ணீர் ஓடுவதில்லை. ஒரு மணி நேரம் வரும், பிறகு அடுத்த நாள். தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் போய் வெற்றிடம் உண்டாகும். மூட்டு கசிகிற இடத்தில், சாக்கடைக்குள் மூழ்கி ஓடும் வீட்டு இணைப்பில், வெளியே இருப்பதை அது உள்ளே உறிஞ்சும். நாலு வீடு மோட்டார் வைத்து இழுத்தால் உறிஞ்சல் இன்னும் பலமாகும். அதனால் முதலில் வருகிற இரண்டு மூன்று குடத்தைச் செடிக்கு ஊற்றுகிற பழக்கம் மிகச் சரியானது. நம் பாட்டிமார் காரணம் சொல்லாமல் செய்தது.

பெரிய நகரங்களிலும் தண்ணீர் இப்படி ஏமாற்றியிருக்கிறது. 1955 கடைசியில் டெல்லியில், யமுனை திசை மாறிச் சாக்கடை நீர் குடிநீர் நிலையத்துக்குள் நுழைந்தது. பொறியாளர்கள் கவனித்துப் படிகாரத்தையும் குளோரினையும் கூட்டினார்கள். டைபாய்டு ஏறவில்லை. சில வாரங்களில் சுமார் 29,000 பேருக்கு மஞ்சள்காமாலை கண்டது. பாக்டீரியாவைக் கொன்ற மருந்து, அழுக்குக்குள் பதுங்கிய வைரசுக்குப் போதவில்லை. அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் 2014 ஏப்ரலில் தண்ணீர் ஆதாரத்தை மாற்றியதும் குழாயில் பழுப்பு நீர் வந்தது. மக்கள் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்க் காட்டினார்கள். பாதுகாப்பானதுதான் என்று பதில் வந்தது. அந்தப் பழுப்பு, புதிய நீர் குழாய்களை அரிப்பதன் அடையாளம். பழுப்போடு கூடவே கண்ணுக்குத் தெரியாத ஈயமும் பிள்ளைகள் உடம்பில் போய்க்கொண்டிருந்தது. பழுப்பு கெடுதியா என்று கேட்பதோடு அதிகாரிகள் நின்றுவிட்டார்கள். ஏன் திடீரென்று பழுப்பு என்று கேட்டிருந்தால் ஈயம் அகப்பட்டிருக்கும்.

நிறத்தையும் மணத்தையும் பற்றி நான் வந்து சேர்ந்த முடிவு இதுதான்: தண்ணீர் எப்படி இருக்கிறது என்பதைவிட, எப்போதிலிருந்து அப்படி இருக்கிறது என்பது முக்கியம். பத்து வருடமாகக் காவி படிகிற போர் நமக்குத் தெரிந்த பகையாளி. நேற்றுவரை தெளிவாக வந்து இன்று லேசாக வாடை அடிக்கும் தண்ணீரே கவலைப்பட வேண்டியது. நேற்றுவரை மருந்து வாடை இருந்து இன்று அது காணாமல் போனாலும் கவலைப்பட வேண்டும். இந்த இரண்டாவதை யாரும் புகாராகச் சொல்வதில்லை. அப்பாடா, தண்ணி இன்னிக்கு நல்லா இருக்கு என்று குடிக்கிறோம்.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது. குழந்தைகள் அடுத்தடுத்து நோயில் விழுந்து, தண்ணீரைப் பார்க்கும்படி மருத்துவர்கள் சொன்ன பிறகுதான் ஆட்கள் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். தொட்டியின் மூடிக்கு ஒரு பூட்டு, ஏணிக்கு ஒரு பொறுப்பாளி, கடைசிக் குழாயில் தினமும் ஒரு குளோரின் சோதனை இவை இருந்திருந்தால் பிள்ளைகள் உடம்பால் கண்டுபிடிக்க வேண்டியிருந்திருக்காது.

சோதனைகள் எளியவை. குளோரோஸ்கோப் என்ற சின்னப் பெட்டியில் தண்ணீரை எடுத்துச் சில சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும். பக்கத்தில் உள்ள நிறப் பட்டையோடு ஒப்பிட்டால் எவ்வளவு குளோரின் எஞ்சியிருக்கிறது என்று அரை நிமிடத்தில் தெரியும். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியில் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பருப்பு வேகவில்லை என்று கடினநீரைக் கண்டுபிடித்தவர்கள் கையில் அந்தப் பெட்டி போய்ச் சேர்வது பொருத்தமே. ஃபுளூரைடு, நைட்ரேட், மலக்கிருமியான ஈகோலி ஆகியவற்றைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் பார்க்கலாம். 100 மில்லி நீரில் ஒரு ஈகோலிகூட இருக்கக்கூடாது என்பது விதி.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. 1982இல் குவாலியரிலிருந்த பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடத்தில் மஞ்சாவும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய எச்2எஸ் குப்பி. உள்ளே மருந்தில் தோய்த்துக் காயவைத்த ஒரு துண்டுக் காகிதம். குறித்த கோடு வரை தண்ணீர் பிடித்து, மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வைத்துவிட வேண்டும். மலக்கிருமியோடு வரும் பாக்டீரியா இருந்தால் அது ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கும். அழுகிய முட்டை நாற்றத்தின் அதே வாயு. காகிதத்தில் இருக்கும் இரும்போடு சேர்ந்து அது கறுப்பாகும். சில மண் பாக்டீரியாவும் கறுக்க வைக்கும் என்பதால் கறுத்த குப்பியை ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதி செய்துகொள்ள வேண்டும். மின்சாரம் வேண்டாம், படித்த ஆள் வேண்டாம். வெள்ளிமலைக்கு மேலே எந்தக் கடைசிக் குடிசையிலும் இது வேலை செய்யும்.

ஊர்த் தொட்டிகளில் பெயிண்டால் இரண்டு தேதி எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்: சுத்தம் செய்த நாள், அடுத்து சுத்தம் செய்யும் நாள். அவற்றின் கீழே மூன்றாவதாக ஒரு வரி எழுதவேண்டும் என்று கேட்கிறேன். கடைசி வீட்டுக் குழாயில் இன்று காலை எஞ்சியிருந்த குளோரின் இவ்வளவு என்று, சுண்ணாம்புக் கட்டியால், தினமும். பக்கத்தில் ஊத்துத் தண்ணீர்க் குப்பி கறுத்ததா இல்லையா என்று, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை. ஐந்து பெண்களில் ஒருவர் எழுதட்டும். குடத்தோடு நிற்கிறவர்கள் படித்துவிட்டுப் பிடிக்கட்டும்.